பால் வெட்டுக்குப் போகிறவர் பகலில் தூங்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. குலசேகரம் பக்கம் வீடு. நானும் கணவரும் ரப்பர் பால் வெட்டுகிறோம். இரவு பத்தரை, பதினொன்றுக்குப் படுத்து இரண்டரைக்கு எழும்புவோம். மூன்று மணிக்கு வெட்டத் தொடங்கினால் ஆறரைக்கு முடியும். ஒன்பது மணிக்குப் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் வேலையும் முடிய மதியம் ஆகிவிடும். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலு மணிக்குத்தான் கண் திறக்கும். எழும்பும்போது தலை கனக்கும், தும்மல் வரும், புளிச்ச ஏப்பம் வரும். இரண்டு வருடத்தில் எட்டு கிலோ கூடிவிட்டேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். என் மாமனாருக்கு 74 வயது. "பகல் துயிலோம் என்று தேரையரே சொல்லியிருக்கிறார், பகலில் உறங்குகிற வீட்டில் நோய் விடாது" என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார். பகலில் உறங்காவிட்டால் என்னால் நிற்கவே முடியாது. ஆயுர்வேதம் என்ன சொல்கிறது? அமுக்கராப் பொடி (அஸ்வகந்தா) சாப்பிட்டால் நல்ல உறக்கம் வரும் என்கிறார்களே, வாங்கலாமா? மகன் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு இரவு வேலை பார்க்கிறான். காலை நாலரைக்குப் படுத்துப் பன்னிரண்டுக்கு எழும்புகிறான். அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொல்வது இல்லாத விஷயம் அல்ல. சித்த வைத்தியர் தேரையரின் பாடலில் அது இருக்கிறது. ஆயுர்வேத நூல்களும் பொதுவாகப் பகல் தூக்கத்தை விலக்கத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த விதி இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவருக்கானது. இரண்டரை மணிக்கு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பவருக்கு அதே நூல்களில் வேறு விதி எழுதியிருக்கிறது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆயுர்வேதத்தின் பழைய மூலநூலான சரக சம்ஹிதை உடம்பைத் தாங்கும் மூன்று துணைத்தூண்களைச் சொல்கிறது. உணவு, உறக்கம், பிரம்மசரியம் என்ற கட்டுப்பாடான வாழ்க்கை. மருந்து அந்தப் பட்டியலில் இல்லை. இன்னோர் இடத்தில் சரகர், சுகமும் துக்கமும், உடம்பு தேறுவதும் மெலிவதும், பலமும் பலவீனமும், அறிவும் அறியாமையும், உயிர் இருப்பதும் போவதும்கூடத் தூக்கத்தைப் பொறுத்தவை என்கிறார். இந்தப் பேச்சு வரும் அத்தியாயம் எது தெரியுமா? மிகவும் பருத்தவர், மிகவும் மெலிந்தவர் பற்றிய அத்தியாயம். சூத்திரஸ்தானம் என்ற முதல் பகுதியில் 21-வது. உடம்பு பருப்பதற்கும் இளைப்பதற்கும் உணவைப் போலவே உறக்கமும் முக்கியக் காரணம் என்று அங்கே சொல்கிறார். உங்கள் எட்டு கிலோவையும் உங்கள் மதியத் தூக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அந்த அத்தியாயத்தில் யார் யார் பகலில் தூங்கலாம் என்று ஒரு நீளமான வரிசை வருகிறது. குழந்தைகள், முதியவர்கள், நோயில் மெலிந்தவர்கள், அடிபட்டவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் என்று போகும். அதற்குள்ளேயே இரவு கண்விழித்தவர், வழி நடந்து களைத்தவர், சுமை தூக்கிக் களைத்தவர் என்று மூன்று பேர் வருகிறார்கள். வெட்டுக்காரர் அந்த மூன்று பேருமே. இருட்டில் எழும்புகிறீர்கள், சரிவில் ஏறி இறங்கி நடக்கிறீர்கள், பால் வாளியைச் சுமந்து வருகிறீர்கள். ஆகவே பகலில் தூங்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமனாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் ஏன் தலை கனக்கிறது, ஏன் எடை கூடுகிறது? பகலில் தூங்குவதால் அல்ல, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு படுப்பதால். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த "ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு" என்பதுதான்.

இரவு விழிப்பு உடம்பை வறட்சியாக்கும், பகல் தூக்கம் எண்ணெய்ப்பசையைக் கூட்டும் என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு. முதலாவது வாதத்தைத் தூண்டும். கண் எரிச்சல், மலச்சிக்கல், மூட்டு வலி எல்லாம் அந்த வழியில் வருபவை. இரண்டாவது கபத்தைப் பெருக்கும். சாப்பிட்ட உடனே வரும் செரிமானத்தின் முதல் கட்டமும் கபத்தின் நேரம்தான். அந்த நேரத்தில் இரண்டரை, மூன்று மணி நேரம் அசந்து தூங்கினால் கபத்தின் மேல் கபம் ஏறுகிறது, பசித்தீ அணைகிறது. பகல் தூக்கத்தின் கேடுகளாகச் சரகர் எழுதியவற்றில் தலைவலி, உடல் கனம், பசியின்மை, மூக்கு ஒழுகல் எல்லாம் இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். இதற்குக் கபம் என்ற வார்த்தைகூட வேண்டாம். மரச்சீனியும் மீன்குழம்பும் சம்பா அரிசிச் சோறுமாக வயிறு நிறைந்திருக்கும்போது நீட்டி நிமிர்ந்து படுத்தால் புளிப்பு மேலே வரத்தான் செய்யும். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்தால் யாருக்கும் தலை மந்தமாகத்தான் இருக்கும். இரவுத் தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது என்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. மதியம் ஒரு கை சோறு கூடுதலாகப் போவது உங்கள் குற்றமல்ல.

அப்புறம், பருத்த உடம்புக்காரரும் கபம் மிகுந்தவரும் பகலில் தூங்கவே கூடாது என்று அதே சரகர் சொல்கிறார். ஒரு பக்கம் உங்களுக்கு அனுமதி, இன்னொரு பக்கம் தடை. இந்த முடிச்சை அவிழ்க்க வாக்படரிடம் போக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இங்குள்ள பழைய வைத்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் கேரளத்தைப் போலவே வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம்தான் கைநூல். அதன் சூத்திரஸ்தானம் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது: பழக்கமில்லாமல் இரவு விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் தூங்கித் தீர்க்கலாம், ஆனால் சாப்பிடாமல். நேரம், அளவு, வயிற்றின் நிலை மூன்றையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெட்டு இல்லாவிட்டால் ஐந்து மணி வரை தூங்குவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரைக்கு எழும்புவதால் இழப்பது இரண்டரை மணி நேரம். அதில் பாதி ஒன்றேகால் மணி நேரம். இதை எங்கே வைப்பது? உங்கள் வேலையிலேயே இடம் இருக்கிறது. ஆறரைக்கு வெட்டு முடிகிறது. சிரட்டையில் பால் வடிந்து நிற்க நேரம் வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்குத்தான் எடுக்கப் போகிறீர்கள். நடுவில் இரண்டரை மணி நேரம் சும்மா கிடக்கிறது. அதில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்போதுதான் அடுப்படி வேலை, புட்டோ கஞ்சியோ வைத்துச் சாப்பிடுவது, பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம் நடக்கும். இருந்தாலும் கேட்கிறேன், ஏழு மணிக்கு வந்து கைகால் கழுவி, எதுவும் சாப்பிடாமல் எட்டேகால் வரை படுக்க முடியுமா? தாகமாக இருந்தால் இளஞ்சூட்டில் தண்ணீர் குடியுங்கள். எழுந்து கஞ்சியோ இட்லியோ அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் பால் எடுக்கப் போகலாம். காலைச் சமையலைக் கணவரோ மகனோ ஏற்றால்தான் இது நடக்கும். கணவரும் உங்களைப் போலவே விழித்தவர்தான், அவருக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் நாலரை மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வீட்டில் இருக்கிறாரே, படுக்கப் போகும் முன் அரிசியைக் கழுவி உலையில் போட்டுவிட்டுப் போகட்டும்.

மதியம் சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. குளிப்பதைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முற்றத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு, சாய்வு நாற்காலியிலோ சுவரில் சாய்ந்தோ உட்காருங்கள். கண் சொக்கினால் சொக்கட்டும். உட்கார்ந்தபடி தூங்கி வழிவது வறட்சியும் தராது, கபத்தையும் கூட்டாது என்று நூலிலேயே இருக்கிறது. இருபது நிமிடம், அரை மணி போதும். உங்கள் மாமனாரும் பகலெல்லாம் நாற்காலியில் தலை ஆட்டிக்கொண்டிருப்பவராக இருந்தால் (74 வயதில் பெரும்பாலும் அப்படித்தான்) அதையும் தூக்கக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லிவையுங்கள்.

கோடையில் பகல் தூக்கம் எல்லோருக்கும் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதுவும் சரகரில் உண்டு. கோடையில் வெயில் உடம்பை வற்றவைக்கிறது, வாதம் சேர்கிறது, இரவு மிகவும் குறுகிவிடுகிறது, அதனால் பகலில் தூங்கலாம் என்கிறார். ஆனால் அது எழுதப்பட்ட வடக்குப் பகுதிகளில் இரவு உண்மையிலேயே குறுகும். இமயமலை அடிவாரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சரேகையில். இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட முழுதாக வராது. பஞ்சாங்கப்படி கிரீஷ்ம ருது என்ற கோடைப் பருவம் வரும்போது நமக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையே பிடித்துவிடும். மழையும் குளிருமான நாளில் "கோடை அனுமதி" என்று சொல்லிப் பகலில் தூங்கினால் சளிதான் மிச்சம். நம் ஊரில் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை, வெயில் உண்மையிலேயே காயும் நாட்களுக்கு மட்டும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாம். கபம் ஏறியிருக்கும்வரை உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

இனி இரவு. நீங்கள் மாற்ற வேண்டிய பெரிய விஷயம் இதுதான், சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இரண்டரைக்கு எழும்புகிறவர் பதினொரு மணிக்குப் படுப்பது கட்டுப்படியாகாது. மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு கூர்மையான வெட்டுக்கத்தியைப் பிடித்துக்கொண்டு, பாம்பு நடமாடும் சரிவில் இருட்டில் இறங்குகிறீர்கள். ஒன்பது மணிக்குப் படுத்தே ஆக வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள், மதியத்தைவிடக் குறைவாக. மதியம் மூன்று மணிக்கு மேல் சாயா வேண்டாம், பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் வேண்டாம். ஒன்பது மணி முதல் இரண்டரை வரை ஐந்தரை மணி நேரம், காலையில் ஒன்றேகால். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆகிவிடும். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்றுதான் இன்றைய தூக்க மருத்துவமும் சொல்கிறது. மதியம் மூன்று மணி நேரம் தூங்காவிட்டால் ஒன்பது மணிக்குத் தூக்கம் தானாக வரும். முதல் நான்கைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

படுக்கும் முன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். தினசரி எண்ணெய் தேய்ப்பைச் சொல்லும் வாக்படர், தலை, காது, பாதம் மூன்றிலும் தவறாமல் தேய்க்கச் சொல்கிறார். அதன் பலன்களில் நல்ல தூக்கமும் ஒன்று. நாள் முழுக்க ரப்பர் செருப்புக்குள் ஈரத்தில் கிடக்கும் கால் அது. இளஞ்சூட்டில் எண்ணெயைத் தொட்டுக் குதிகால், விரலிடுக்கு, கணுக்கால் என்று ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்துத் துடைத்துவிட்டுப் படுங்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வேண்டாம். கபம் மிகுந்திருக்கும்போது எண்ணெய் தேய்ப்பையே நூல் விலக்குகிறது, அதனால் தும்மல் நிற்கும்வரை தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், பாதம் மட்டும் போதும். நம் பக்கத்தில் சாயங்காலம் காச்சின எண்ணெய் வைத்துத் தலை குளித்து, ஈர முடியோடு படுக்கும் வழக்கம் இருக்கிறது. உங்கள் தும்மலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அமுக்கரா வேண்டாம். அது நல்ல மருந்துதான், நானே பலருக்குக் கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடும், இரண்டும் சேர்ந்தால் படபடப்பு வரும், இருக்கிற தூக்கமும் போகும். சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவும் பதிவுகள் உண்டு. கடையில் டப்பாவாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லோரும் சாப்பிடும் பொருள் அல்ல. அதைவிட, உங்களுக்குத் தூக்கம் வராத நோயே இல்லை. படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறீர்கள். உங்களுக்குத் தூங்க நேரம்தான் இல்லை. அதற்குப் பொடி எதற்கு?

தைராய்டு மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டரைக்கு எழும்பியதும் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாயா குடிக்க வேண்டும். மாத்திரையும் கட்டஞ்சாயாவும் ஒன்றாக உள்ளே போனால் மருந்து சரியாகச் சேராது. ஹார்மோன் குறைவாக இருந்தாலே எடை கூடும், உடம்பு கனக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும். எனவே தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று கணவரிடம் கேட்க வேண்டும்: நீங்கள் சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி மீண்டும் வருகிறதா? அப்படி இருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். அது எண்ணெய்க்கும் கஞ்சிக்கும் கேட்கும் விஷயம் அல்ல.

மாமனாருக்கு: முதுமை வாதத்தின் காலம், தூக்கம் குறைவது இயல்பு. இரண்டரை மணிக்கு நீங்கள் எழும்பும் சத்தத்தில் அவரும் விழித்துவிடுவார். பாதத்துக்கு எண்ணெய் அவருக்கும் ஆகும், க்ஷீரபலா தைலம் கிடைத்தால் நல்லது. தூக்கமில்லாதவர்களுக்கு எருமைப்பால் என்று சரகர் தனியாகவே எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் அது கிடைப்பது அரிது, பசும்பாலை இளஞ்சூட்டில் கொடுங்கள், கிடைக்கிறதென்று பாக்கெட் பாலை இரண்டு டம்ளர் கொடுத்துவிடாதீர்கள். படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதற்காகவே எழும்ப வேண்டிவரும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழும்புகிறார் என்றால் சர்க்கரையும் பிராஸ்டேட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் விஷயம் வேறு. நீங்கள் இரவின் ஒரு பகுதியை இழக்கிறீர்கள், அவர் முழு இரவையும் இழக்கிறார். இதை நல்லது என்று சொல்ல ஆயுர்வேதத்தில் இடமில்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள், அந்த ஆராய்ச்சியும் அவருக்குச் சாதகமாக எதுவும் சொல்லாது. ஆனாலும் வேலை வேண்டும். பகல் தூக்கம் பழகிப்போனவர்களுக்கும் சரகர் அந்த வரிசையில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். பழக்கம் என்றால் தினமும் ஒரே நேரம். ஐந்து நாள் நாலரைக்குப் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் கூட்டாளிகளோடு காலை முதல் சுற்றினால் உடம்பு எதற்கும் பழகாது. முக்கியமாக, வேலை முடிந்து நாலரைக்குப் புரோட்டாவும் இறைச்சியும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கே முடிய வேண்டும். நள்ளிரவில் பசித்தால் பழமோ கொஞ்சம் கஞ்சியோ போதும். அறை இருட்டாக இருக்கட்டும், ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். பன்னிரண்டுக்கு எழுந்ததும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்காராமல், பல் தேய்த்து வெயிலில் கொஞ்சம் நின்று, குளித்து, பசி வந்த பிறகு சாப்பிடட்டும்.

ஒரு மாதம் இப்படி இருந்து பாருங்கள். மழைக்கு வெட்டு நிற்கும் நாட்களிலும் ஒன்பது மணிப் படுக்கையை விடாதீர்கள். அந்த நாட்களில் ஐந்து மணி வரை தூங்கி எழும்போது தலைக்கனம் இல்லாமல் இருக்கிறதா என்று கவனித்து வையுங்கள். அப்போதும் அசதி தீரவில்லை என்றால் காரணம் தூக்கம் மட்டுமல்ல. ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ போங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.